பலர் பாடியும் தேயாத பாட்டு

கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள ஊர்களில் இசைக்குழு நடத்திய எவரையும் கேட்டுப் பாருங்கள். சனம் கதிரையை விட்டு எழும்புகிற பாட்டு எது என்றால் முதலில் 'சின்ன மாமியே' என்பார்கள், அடுத்து 'சுராங்கனி' என்பார்கள். நான் கட்டைபறிச்சானில் ஆர்மோனியப் பெட்டியோடு இந்தத் தொழிலுக்கு வந்தவன். பிறகு ஓகன், அதற்கும் பிறகு கீபோட். சேனையூர், சம்பூர், கிளிவெட்டி, மூதூர், தோப்பூர், வெருகல் என்று கோயில் திருவிழா, கல்யாணம், பள்ளிக்கூட விழா எல்லாவற்றிலும் நாற்பது வருடத்துக்கு மேல் வாசித்திருக்கிறேன். ஒரு வருடம் திரும்பத் திரும்பக் கேட்ட சினிமாப் பாட்டை மறு வருடத் திருவிழாவில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். இந்த இரண்டு பாட்டும் மட்டும் துண்டுக் கடதாசியில் எழுதி மேடைக்கு வருவது நிற்கவே இல்லை.

நல்ல பாட்டு, அதனால் நிலைத்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இவற்றைவிட நுட்பமான பாட்டுகள் எத்தனையோ எங்கள் மேடையில் எடுபடாமல் போயிருக்கின்றன. பலர் பாடித் தாங்குகிற பாட்டுக்குள் இடம் இருக்கும் என்பதுதான் இத்தனை வருடத்தில் நான் கண்டது. பெரிய குரல் இல்லாதவனும் அதற்குள் நுழையலாம். ஒரு வாத்தியம் வராவிட்டாலும் நடத்தலாம். ஒரு அடியை மாற்றிப் பாடினாலும் பாட்டு உடையாது.

நான் தொடங்கிய எழுபதுகளின் கடைசியில் ஒரு பாட்டைப் பிடிப்பதே பெரிய வேலை. இலங்கை வானொலி ஒன்றுதான் வழி. 'நீங்கள் கேட்டவை' போகும்போது இரண்டு மூன்று பேர் கொப்பியும் பேனையுமாக றேடியோவைச் சுற்றி இருப்போம். முதல் அடி ஒருவருக்கு, இரண்டாம் அடி மற்றவருக்கு என்று பிரித்து எழுதுவோம். மெட்டு என் பொறுப்பு. விடுபட்ட அடிக்கு அந்தப் பாட்டு மறுபடி போகும் நாள்வரை காத்திருக்க வேண்டும். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' கேட்டுக் கேட்டே எங்கள் பாடகர்களுக்குப் பல பாட்டின் தொடக்க அடி மனப்பாடம் ஆனது. கசற் வந்தபோது பெரிய விடுதலை. பற்றறி குறையாமல் இருக்க, பின்னால் சுற்றுவதற்குக் கசற்றைக் கழற்றிப் பேனையில் கோத்து கையால் சுழற்றுவோம். ஒரு இடையிசையைப் பிடிக்க அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டதில் நாடா இழுபட்டுச் சுருதி இறங்கிவிடும். அந்தக் கசற்றில் படித்தவன் அரைக் கட்டை தாழத்தான் வாசிப்பான்.

இந்தச் சுருதி விஷயம் கேட்கிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஒரு பாட்டு ஊர் மேடைக்கு ஆகுமா ஆகாதா என்பதைப் பாதி அதுதான் தீர்மானிக்கிறது. சினிமாப் பாட்டில் பல்லவி கீழே நிற்கும், சரணத்தில் திடீரென்று மேலே ஏறும். சென்னையில் எஸ்.பி.பி. பாடியதை எங்கள் ஊர்ப் பொடியன் அதே கட்டையில் எடுத்தால் சரணத்தில் குரல் கிழியும். அவனுக்காகக் கீழே இறக்கினால் பல்லவி கேட்காது. 'சின்ன மாமியே' அப்படி இல்லை. முழுப் பாட்டும் ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும். ஆண் இரண்டு கட்டையில் பாடலாம், பெண் ஐந்தரையில் பாடலாம், கிழவன் எந்தக் கட்டையில் தொடங்கினாலும் போய்ச் சேரலாம். இரண்டு மூன்று கோட் தெரிந்த கிற்றார்க்காரன் போதும்.

அந்தப் பாட்டைக் கட்டியவர் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். 1960களில் அம்பாறை ஹார்டி நிறுவனத்தில் படித்துக்கொண்டிருந்த இளைஞர் அவர். ஒரு கிற்றார், பேச்சு வழக்குச் சொற்கள், வீட்டு முற்றத்தில் நடக்கிற ஒரு கேலி. அவ்வளவுதான் பாட்டு. அதற்கு முன் எங்கள் மேடைகளில் தமிழ் என்றால் சினிமாத் தமிழ்தான். யாழ்ப்பாணத்தான் பேசுகிற தமிழையே கிற்றாரோடு பாடலாம் என்று காட்டியது அந்தப் பாட்டு. அதைக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் பக்கத்துப் பொடியன்களும் தாங்கள் பேசுகிறபடியே பாட்டுக் கட்டத் துணிந்தார்கள்.

திருகோணமலைக்கும் இதில் பங்கு உண்டு. எம்.பி. பரமேஷ், எம்.பி. கோணேஷ் சகோதரர்கள் எங்கள் நகரத்துப் பிள்ளைகள். பரமேஷின் 'உனக்குத் தெரியுமா' இலங்கையில் இசைத்தட்டில் வந்த ஆரம்பத் தமிழ்ப் பாடல்களில் ஒன்று. குடாவுக்கு அந்தக் கரையில் இருக்கிற ஒருவரின் பாட்டு தட்டில் வந்திருக்கிறது என்பது இந்தக் கரையில் இருந்த எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்று விளக்குவது கடினம். பாட்டு என்றால் மெட்ராஸிலிருந்து வருவது என்றுதான் அதுவரை எண்ணிக்கொண்டிருந்தோம். பரமேஷ் பின்னர் ஜேர்மனிக்குப் போனார். அவருடைய மகள் பிரபாலினியும் இசைத்துறையில்தான் இருக்கிறார்.

பொப் என்றும் துள்ளிசை என்றும் பெயர் வைத்தாலும் இந்தப் பாட்டுகளின் கால் பைலாவில்தான் நிற்கிறது. போர்த்துக்கேயர் காலத்தில் வந்த கஃப்ரிஞ்ஞா ஆட்டத்திலிருந்து பிறந்த நடை அது. வொலி பஸ்தியன் அதைச் சிங்கள மேடையில் பிரபலப்படுத்தினார். திருகோணமலைப் பாலையூற்றிலும் மட்டக்களப்பிலும் பறங்கியர் குடும்பங்கள் அந்த ஆட்டத்தையும் பாட்டையும் கைவிடாமல் வைத்திருந்தார்கள். எனக்கு அந்த நடையைச் சொல்லித் தந்தவர் பாலையூற்றைச் சேர்ந்த ஒரு வயலின்காரர். ஆறு எண்ணிக்கை ஒரு சுற்று. இடது கை ஒன்றிலும் நாலிலும் கீழ்ச் சுரத்தைத் தட்ட வேண்டும். வலது கை மற்ற எண்களில் கோட்டைச் சுருக்காக வெட்டி வெட்டி எடுக்க வேண்டும், அழுத்திப் பிடித்து வைக்கக் கூடாது. "விரலை எடு மகன், எடுத்தாத்தான் கால் எழும்பும்" என்பார். எங்கள் தபேலாக்காரருக்கு அது திஸ்ர நடை என்று உடனே பிடிபட்டது. ஆனால் கர்நாடகக் கணக்கில் வாசித்தால் பைலா வராது. நாலாம் எண்ணைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். அந்தத் தள்ளலில்தான் சனத்தின் இடுப்பு அசையும்.

பைலாவில் வாத பைலா என்று ஒரு வகை உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, அந்த இடத்திலேயே அடி கட்டிப் பாடி ஒருவரை ஒருவர் மடக்குவார்கள். கிழக்கில் எங்களுக்கு இது புதிதல்ல. வயலிலும் முற்றத்திலும் தமிழரும் முஸ்லிம்களும் கவி பாடி, பதிலுக்குக் கவி பாடிய ஊர்கள் இவை. அதனால்தான் இந்த மெட்டுகளைக் கையில் எடுத்ததும் சனம் தன் சொல்லைப் போடத் தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டாரைக் கிண்டல் செய்ய ஒரு அடி, நெல்லு விலைக்கு ஒரு அடி, லோஞ்ச் படகு பிந்தி வந்ததற்கு ஒரு அடி. ஒரு கல்யாண வீட்டில் மணமகளின் பெரியம்மா மைக்கை வாங்கி 'சின்ன மாமியே' மெட்டில் தன் சம்பந்தியின் கஞ்சத்தனத்தை அடுக்கடுக்காகப் பாடினார். சம்பந்தி அம்மா சும்மா இருக்கவில்லை. அவரும் எழும்பி வந்து பதில் சொன்னார். நாங்கள் நடையை மட்டும் பிடித்துக்கொண்டு, சொல் எப்போது முடியும் என்று அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தத் தொழிலில் நான் வாசித்த மிகச் சிறந்த இசை அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

'சுராங்கனி' இன்னும் தூரம் போன பாட்டு. மீன் கொண்டு வந்திருக்கிறேன் என்று ஒரு பெண்ணைக் கூப்பிடுகிற சிங்களப் பைலா. தமிழையும் சிங்களத்தையும் கலந்து ஏ.ஈ. மனோகரன் பாடியதில் அது கடல் தாண்டியது. 1977இல் இளையராஜா இசையில் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடினார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பாட்டு எந்த மொழி, எந்த ஊர் என்று கேட்காமலே பாடியவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். எங்கள் மேடையில் அதற்கு வேறொரு வேலையும் இருந்தது. பார்க்க வந்தவர்களில் சிங்களவர் இருந்தால், கூட்டத்தில் இறுக்கம் தெரிந்தால், அந்தப் பாட்டை முன்னுக்கு இழுப்போம். இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த சொல் அதில் இருந்தது.

மூதூர்ப் பக்கம் முஸ்லிம் கல்யாண வீடுகளுக்குப் போனால் நாகூர் ஹனிபாவின் 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாடாமல் நிகழ்ச்சி தொடங்காது. ஹனிபாவின் உயரத்தில் பாட யாராலும் முடியாது. ஆனால் அந்தப் பாட்டு கீழே இறங்கியும் நிற்கும். போகப் போக எங்கள் அம்மன் கோயில் திருவிழாக்களிலும் அதைக் கேட்டு வாங்கிப் பாடுவித்தார்கள். யாரும் அதை ஒரு விஷயமாகவே எடுக்கவில்லை.

எல்லாப் பாட்டுக்கும் இந்தக் குணம் கிடையாது. 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' வந்தபோது நாடே அதைப் பாடியது. எங்களுக்கு அது பெரிய சோதனை. அந்தப் பாட்டில் கிற்றார் துணை வாத்தியம் அல்ல, பாட்டின் பாதி. சந்திரசேகர் வாசித்த அந்த ஓட்டம் வராவிட்டால் எவ்வளவு நல்ல குரல் இருந்தும் சனம் முகத்தைச் சுழித்துவிடும். அதையே கல்யாண்ஜி ஆனந்த்ஜி 'கலாகார்' படத்தில் கிஷோர் குமாரைப் பாட வைத்து இந்திக்குக் கொண்டுபோனார்கள். அவர்களாலும் கிற்றாரை விட முடியவில்லை. இளையராஜாவின் பாட்டுகளில் பல இப்படித்தான். இடையிசை, பின்னால் ஓடுகிற வயலின், பேஸ் கிற்றார் எல்லாம் சேர்ந்தால்தான் அது முழுப் பாட்டு. ஒன்றை எடுத்தால் மற்றது சரிகிறது. அந்தப் பாட்டை அப்படியே திருப்பிச் செய்யலாம், அல்லது தொடாமல் விடலாம். நடுவில் வழி இல்லை. அவருடைய மேதைமை மேல் எனக்குள்ள மதிப்பில் அணுவளவும் குறைவில்லை. ஊர் மேடையின் கணக்கு வேறு என்றுதான் சொல்கிறேன்.

ஊர் மேடையின் கணக்கில் வாத்தியம் குறைவது சாதாரண விஷயம். திருகோணமலை நகருக்குப் போக எங்களுக்கு அப்போதெல்லாம் கடல்தான் வழி. மூதூர் இறங்குதுறையில் லோஞ்சில் ஸ்பீக்கர் பெட்டி, ட்ரம், ஓகன் எல்லாவற்றையும் ஏற்றி, தண்ணி அடிக்காமல் படங்கால் மூடி, மேலே ஒருவர் உட்கார்ந்துகொண்டு போவோம். காற்றுக் காலத்தில் லோஞ்ச் ஓடாது. தரைவழி என்றால் இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று ஒவ்வொரு துறையிலும் பாதைப் படகுக்குக் காத்திருந்து ஏற வேண்டும், அல்லது கந்தளாயைச் சுற்ற வேண்டும். சண்டைக் காலத்தில் எந்தத் துறையில் எதை இறக்கிச் சோதிப்பார்கள் என்று தெரியாது. ஆகவே புறப்பட்ட குழு வேறு, மேடையில் நிற்கிற குழு வேறு. ட்ரம் வராத நாளில் டோல்கி, டோல்கியும் வராத நாளில் மேசை. அப்படிப்பட்ட இரவுகளில் கைகொடுத்தவை இந்தத் துள்ளிசைப் பாட்டுகளும் பக்திப் பாட்டுகளும்தான். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, மற்ற மூன்றும் 2011இல். இன்று ஒரு வானில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சுருக்காகப் போய்விடுகிறார்கள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான்.

2006 பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஏப்ரலில் மூதூர் கிழக்கில் குண்டு விழுந்தது. ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டது. ஊர் ஊராகச் சனம் வெருகலைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் போனது. வாத்தியம் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. முகாமில் மாலையில் பிள்ளைகள் தண்ணிக் கானைக் கவிழ்த்து வைத்துத் தட்டுவார்கள். கானின் நடு வயிற்றில் உள்ளங்கையால் அடித்தால் கும்மென்று வரும், மூடிப் பக்கத்து விளிம்பில் விரல் நுனியால் அடித்தால் டக்கென்று வரும். இந்த இரண்டு சத்தத்தில் ஒரு பத்து வயதுப் பொடியன் அச்சொட்டாகப் பைலா நடையை எடுத்தான். நாலாம் எண்ணைத் தள்ளிப் போடவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, கேட்டுக் கேட்டு வந்தது. பெரிய பிள்ளைகள் நிவாரண அரிசியையும் பருப்பையும் வைத்து அடி கட்டினார்கள். மெட்டு 'சின்ன மாமியே'. கூடாரத்துக்குள் இருந்த பெண்கள் வெளியே வந்து நின்று கேட்டார்கள், பிறகு தாங்களும் கட்டினார்கள். அன்று அங்கே ஒரு கீபோட் இருந்திருந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன். அந்தப் பாட்டுக்கு எதுவும் குறையாக இருக்கவில்லை.

நாங்கள் ஊர் திரும்பினோம். சம்பூர்ச் சனம் திரும்ப முடியவில்லை. எங்கள் கட்டைபறிச்சானிலும் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் முகாம்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். 2015இல்தான் சொந்தக் காணிக்குப் போகத் தொடங்கினார்கள். அவர்கள் முகாமில் இருந்த காலத்துச் சிறிய கல்யாணங்களுக்கு நாங்கள் காசு வாங்காமல் வாசித்தோம். அப்போதும் கேட்டது இந்தப் பாட்டுகளைத்தான்.

இத்தனை வாய்க்குள் போய் வருகிற பாட்டுக்கு ஒரு ஆபத்து உண்டு. பெயர் உதிர்ந்துவிடும். 'சின்ன மாமியே' மனோகரனின் பாட்டு என்று எத்தனையோ அறிவிப்பாளர்கள் மேடையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானபோது எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு நினைவு நிகழ்ச்சியிலும் அப்படியே சொன்னார்கள். நான் எழும்பி மைக்கை வாங்கி நித்தி கனகரத்தினத்தின் பெயரைச் சொன்னேன். இரண்டு பேருமே பெரிய கலைஞர்கள். ஒருவரின் பொருளை மற்றவருக்குக் கொடுத்துத்தான் அவரைக் கௌரவிக்க வேண்டும் என்றில்லை. பாட்டைக் கட்டியவர் உயிரோடு அவுஸ்திரேலியாவில் இருக்க, அவர் ஊர்ச் சனமே பெயரை மாற்றிச் சொல்வதை என்னால் பொறுக்க முடியாது.

இது பொப் பாட்டுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ரி.எம். சௌந்தரராஜனின் குரலில் 'உள்ளம் உருகுதையா' கேட்காத முருகன் கோயில் இல்லை. வெருகல் திருவிழாவுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பாட்டுத்தான். எழுதியவர் ஆண்டவன் பிச்சை என்ற ஒரு பெண் என்று சொன்னால் எங்கள் பாடகர்களே வியப்போடு பார்ப்பார்கள்.

2017இல் தன் பாடல்களை அனுமதியில்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா எஸ்.பி.பிக்கு நோட்டீஸ் அனுப்பியபோது எங்கள் தேத்தண்ணிக் கடைகளில் பெரிய வாக்குவாதம். பாடியவனுக்கே பாட்டில்லையா என்று பலர் கொதித்தார்கள். நான் இளையராஜா பக்கம் நின்றேன். எங்கள் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. பொது மேடையில் பாடுவதும் ஆக்கியவருடைய உரிமைக்குள் வருகிறது. கோயில் திருவிழாவில் வாசிக்கிற சின்னக் குழுவிடம் யாரும் காசு கேட்டு வந்ததில்லை. காசு கொடுக்க வழியில்லாத நாங்கள் பெயரையாவது கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு செலவும் இல்லை, அறிவிப்பாளருக்கு இரண்டு நொடிதான்.

இப்போதைய பிள்ளைகள் இதில் எங்களைவிடக் கவனமாக இருக்கிறார்கள். 'மெனிகே மகே ஹிதே' என்ற சிங்களப் பாட்டு 2021இல் யொஹானியின் குரலில் உலகம் சுற்றியது. அது அதற்கு முந்திய வருடம் சதீஷன் பாடி வந்த பாட்டு, சொல் துலான் ஏஆர்எக்ஸ் எழுதியது, இசை சமத் சங்கீத். யொஹானி பாடிய பதிவிலும் சதீஷன் கூட இருந்தார். தமிழ், மலையாளம், இந்தி என்று எத்தனையோ பேர் அதை எடுத்துப் பாடினார்கள், ஒரு இந்திப் படத்திலும் வந்தது. எங்கள் குழுவின் இளம் பாடகியிடம் கேட்டால் இந்தப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வாள். 'சின்ன மாமியே' வந்த காலத்தில் இந்த வசதி இருந்திருந்தால் நித்தி கனகரத்தினத்தின் பெயர் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களோடு எனக்கு வழக்கு உண்டு. குரலை எடுத்துவிட்ட ட்ராக்கைப் பென் ட்ரைவில் போட்டு அதற்கு மேல் பாடுகிறார்கள். சினிமாப் பாட்டுக்கு அது சரி. கிடைக்காத வயலின் கூட்டம் கிடைக்கிறது, 'இளைய நிலா' கிற்றார் பிசகாமல் வருகிறது. பைலாவை ட்ராக்கில் பாடினால் அது வேறு பொருள். பெரியம்மா மைக்கை வாங்கி இன்னும் இரண்டு அடி பாட நினைத்தால் ட்ராக் அவருக்காக நிற்காது. மூன்றாம் சரணத்தோடு அது முடிந்துவிடும். போன வருடம் கனடாவிலிருந்து வந்தவர்கள் வைத்த ஒரு கல்யாணத்தில் இதுதான் நடந்தது. ரொறொன்ரோவில் பாடுகிற அடி ஒன்று, எங்கள் ஊர் அடி ஒன்று, மட்டக்களப்பு உறவுக்காரரின் அடி ஒன்று என்று ஆளாளுக்குப் பாடத் தொடங்கினார்கள். ட்ராக் ஓடி முடிந்தது. கூட்டம் கையால் தட்டிக்கொண்டே பாடியது. நான் ஓடிப்போய் கீபோட்டில் நடையைப் பிடித்தேன். எங்கள் பொடியன் ஒருவன் டோல்கியை எடுத்தான். அதற்குப் பிறகு அந்தப் பாட்டு எவ்வளவு நேரம் போனது என்று யாரும் பார்க்கவில்லை.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு குழுவுக்கு ஒரு ஏற்பாடு செய்தேன். பைலாவுக்கு ட்ராக் இல்லை, கைதான். பாட்டுக் கொப்பியில் முன்பு கட்டையும் முதல் அடியும் மட்டும் இருக்கும். இப்போது கட்டியவர், முதலில் பாடியவர், பிறகு பாடியவர்கள் என்று பக்கத்தில் எழுத வைக்கிறேன். 'சுராங்கனி'க்கு நேரே கட்டியவர் என்ற இடத்தில் சிங்களப் பைலா என்று எழுதி, அதன் கீழ் மனோகரன், வாசுதேவன், ரேணுகா என்று போட்டிருக்கிறோம். 'சின்ன மாமியே'க்கு நேரே நித்தி கனகரத்தினம். பிறகு பாடியவர்கள் என்ற இடத்துக்கு ஒரு பக்கம் போதவில்லை என்று பொடியன் கேட்டான். அடுத்த பக்கத்தையும் அதற்கே விடச் சொன்னேன்.